நாலு மணிக்கு வெடிக்கும் என்று சொன்னேன்

எங்கள் அலுவலகத்தில் எனக்கு எரிமலைக்காரன் என்று பட்டப்பெயர். மண்ணையும் கல்லையும் ஆராய்கிற அலுவலகம் அது. நான் அதில் இளநிலை நிலவியலாளன். அறுபதுகளின் கடைசியில், அந்தமானுக்குக் கிழக்கே ஆளில்லாத தீவு ஒன்றில் இருக்கும் எரிமலையைப் பார்க்கக் கப்பலேறிப் போன குழுவில் நானும் இருந்தேன். போனது ஒரே ஒரு தடவை. அதை வைத்துக்கொண்டு அடுத்த பத்து வருஷம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் சூடாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், எரிமலைக்கு வந்துவிடுவேன். என் மனைவி இலையைப் பார்த்தபடியே தலையில் அடித்துக்கொள்வாள்.

எழுபதுகளின் பிற்பாதியில், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள், வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மேலதிகாரி கூப்பிட்டார். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் பூமி கொதிக்கிறதாம், மண் உருகி ஓடுகிறதாம், மூன்று நாளாக நடக்கிறதாம். “உன் ஆளு கப்பலேறி வந்துட்டார் போலிருக்கு, காலையில போய்ப் பாருய்யா” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. இந்தக் கடற்கரைப் பக்கம் எரிமலை வர வழியே கிடையாது என்பது முதல் வருஷம் படிக்கிற பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கடம்பத்தூரில் இருக்கும் என் வீட்டுக்குப் போகிறவரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே அதையே நினைத்துக்கொண்டு போனேன். வந்துவிட்டால்? படித்தவர்கள் எல்லோரும் வராது என்று எழுதிவைத்த இடத்தில் வந்து, அதை முதலில் பார்த்தவன் நானாக இருந்துவிட்டால்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அது எரிமலையாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் ஜீப்போடு தாலுகா அதிகாரி ஒருவர் காத்திருந்தார். தூக்கமில்லாத கண். வண்டி கிளம்பியதுமே சொல்லிவிட்டார்: “சார், விளக்கமெல்லாம் ரிப்போர்ட்ல எழுதிக்குங்க. சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை வேணும். அங்க நாப்பது குடிசை இருக்கு. காலி பண்ணச் சொல்லலாமா, வேணாமா?”

புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளைத் தாண்டி, முள்காட்டு வழியாக ஜீப் போய் நின்றது. குடிசைகளுக்கு எதிரே ஒரு சின்ன மேடு. அதன் மேல், சாய்வாக இறங்கிய ஒரு கம்பியைச் சுற்றி, முள்புதர் கருகிக் கிடந்தது. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மண் உருகியிருந்தது. ஓரமெல்லாம் கறுப்புக் கண்ணாடியாக இறுகி, உள்ளே செக்கச்செவேலென்று வெல்லப்பாகு மாதிரி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஒரே சீராக ஒரு உறுமல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தீவில்கூட நான் ஆவியைத்தான் பார்த்தேன்; உருகிய பாறையைப் பார்த்ததில்லை.

சுற்றி நின்ற கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். நடவுக்கும் களைபறிப்புக்கும் அந்தக் குடியிருப்புப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறவள். அவள் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

“இன்னா சார் இது?”

“எரிமலையா இருக்கலாம்னு சந்தேகம்மா.”

“மலையே இல்ல, எரிமலைன்ற?”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மலை என்பது பிறகு வருவது, முதலில் ஓட்டைதான் என்று ஒரு பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “அதெல்லாம் கெடக்கட்டும் சார். ஊட்ட உட்டுட்டுப் போவணுமா, வேணாவா? அத்த மட்டும் சொல்லு. எங்களுக்குப் பட்டா கெடையாது, ஒரு எழவும் கெடையாது. ஒரு வாட்டி எழுந்து போனோம்னா திரும்ப வந்து குந்த உடமாட்டான்.”

அதிகாரி கேட்டதும் இதுதான், அவள் கேட்டதும் இதுதான். எரிமலையை ஆராய்கிறவர்களின் தீராத தலைவலியும் இதுதான். உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி வெளியே தெரிவதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சூடு ஏறுகிறதா, கந்தகப் புகை கூடுகிறதா, தரை வீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே பாறைக்குழம்பு நகரும்போது பூமி விடாமல் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கம் வலுக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எப்போது பொங்கியது, எப்போது அடங்கியது என்று நேரம் குறித்துக்கொண்டே வந்தால், இடைவெளிகளில் ஏதாவது ஒழுங்கு தெரிந்தால், அடுத்ததைக் கொஞ்சம் சொல்லலாம். சொல்லி வெடிக்காவிட்டால் அடுத்த தடவை ஒருவரும் நம்பமாட்டார்கள். சொல்லாமல் வெடித்துவிட்டால் நம்புவதற்கு ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். இரண்டில் எந்தத் தப்பைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை.

நான் வேலையில் இறங்கினேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நீளக் கழியில் கட்டிய வெப்பமானியை ஓரத்தில் நீட்டினேன்; பாதரசம் எகிறி உச்சியில் முட்டி நின்றது. நிலநடுக்கம் பதிகிற கருவி மறுநாள்தான் லாரியில் வரும். அதுவரை சமாளிக்க, அந்த அம்மாளிடமே ஒரு ஈயத்தட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, மேட்டின் அடியில் தரையில் வைத்தேன். தண்ணீரின் மேல் பொடிப்பொடியாக அலை ஓடியது. ஆகா, நடுக்கம்! குனிந்து மோந்து பார்த்தேன். கந்தகம். உண்மையில் அங்கே கந்தகமே இல்லை. என் மூக்குக்குத் தேவைப்பட்டது, அது மோந்துகொண்டது.

“சார், அங்க போனாலே கால் சுறுசுறுன்னு கீது. எறும்பு கடிக்கிறாப்ல” என்றாள் அந்த அம்மாள்.

“வெறுங்காலோட வந்து நின்னா சுடாம என்ன செய்யும்? தள்ளிப் போம்மா!” என்று எரிந்து விழுந்தேன். நோட்டில், தரைச் சூடு பரவுகிறது என்று எழுதிக்கொண்டேன்.

பத்து மணிக்கு உறுமல் பட்டென்று நின்றது. தட்டில் தண்ணீர் அசையவில்லை. குழம்பு மெல்லக் கறுத்தது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்தது. தண்ணீர் நடுங்கியது, குழம்பு சிவந்து இன்னும் ஒரு முழம் பரவியது. இரண்டு மணிக்கு மறுபடி நின்றது. நேற்றும் இப்படித்தான் விட்டு விட்டு வந்தது என்றார்கள். நோட்டைப் பார்க்கப் பார்க்க என் கை பரபரத்தது. உலகத்தில் எந்த எரிமலை இவ்வளவு அழகாக மணி தவறாமல் பொங்கியிருக்கிறது? ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பதில் கிடைத்திருக்கும். நான் யோசிக்கவில்லை. கனகுஷியில் இருந்தேன்.

“நாலு மணிக்கு அடுத்தது” என்றேன் அதிகாரியிடம். “பன்னெண்டு மணிக்கு வந்ததைவிடப் பெரிசா இருந்தா காலி பண்ணிடலாம். சின்னதா இருந்தா நாளைக்குக் கருவி வர்ற வரைக்கும் பொறுக்கலாம்.”

எதற்கும் லாரிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் ஜீப்பில் கிளம்பிப் போனார். கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் என்னிடம் வந்தாள்.

“அப்போ நாலு மணி வரிக்கும் தூங்கும்?”

“தூங்கும்.”

“நிச்சியமா?”

“எழுதிக் கொடுக்கட்டுமா?” என்றேன். திமிர். வேறென்ன சொல்வது?

எதற்குக் கேட்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. வயிறு காய்ந்தது. அரை மைல் நடந்து, பெரிய ரோட்டுக்கு வந்து, ஒரு நாஷ்டா கடையில் உட்கார்ந்து இரண்டு தோசை சொன்னேன். பக்கத்துப் புளியமரத்தடியில் தொழிற்சாலை ஆட்கள் ஏழெட்டுப் பேர் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வேலை நேரத்தில் என்ன தூக்கம் என்று சும்மா வாயைக் கொடுத்தேன்.

“கரண்டு இல்ல சார்” என்றான் ஒருவன். “ரெண்டு மணி நேரம் எங்க லைனுக்கு, ரெண்டு அவரு அடுத்த லைனுக்குன்னு மாத்தி மாத்தி உட்றான். பேஜாரு. பத்து மணிக்குப் போச்சு, பன்னெண்டுக்கு வந்துது, ரெண்டுக்குப் போச்சு. இனிமே நாலு மணிக்குத்தான்.”

பிய்த்த தோசையை இலையிலேயே போட்டேன். நோட்டைத் திறக்கவே தேவைப்படவில்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு. அந்த முள்புதருக்குள் மேலேயிருந்து சாய்வாக ஒரு கம்பி இறங்கியதே! மின்கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற கம்பி. உச்சியில், மின்சாரம் கம்பிக்குத் தாவாமல் தடுக்கிற பீங்கான் உடைந்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்குப் போகிற மின்சாரம்தான் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கி மண்ணையே உருக்கிக்கொண்டிருக்கிறது. உறுமலும் அதுதான், நடுக்கமும் அதுதான், வெறுங்காலில் கடித்த எறும்பும் அதுதான். காலையிலிருந்து குனிந்து தரையையே பார்த்த மடையன் ஒரு தடவை தலையை நிமிர்த்தி மேலே பார்க்கவில்லை.

முதலில் மனசு கொஞ்சம் லேசானது. எரிமலை இல்லை, அப்படியென்றால் நாற்பது குடிசையும் தப்பித்தது. அந்த அம்மாளிடம் போய், யாரும் எங்கேயும் போகவேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்புறம்தான் அவள் கேட்டது ஞாபகம் வந்தது. நாலு மணி வரைக்கும் தூங்குமா என்று எதற்குக் கேட்டாள்?

“இங்க பூமி கொதிக்குதே, அதுக்கு அந்த ஊர் ஜனங்க என்ன செய்றாங்க?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“இன்னா செய்வாங்க? அம்மனுக்குக் கொதிப்பு வந்துகீதுன்றாங்க. மஞ்சத்தண்ணி ஊத்திக் குளிரவெக்கணும்னு காலைலயே பேசிக்கினு இருந்தாங்க. நூத்தியெட்டுக் கொடம்.”

ஈரப் புடவை. வெறுங்கால். தண்ணீரில் ஊறிய மண். மணி மூன்று முப்பத்தைந்து. “உங்க கம்பெனிக்கு ஓடு, லைன் போடாதேன்னு சொல்லு!” என்று அந்த ஆளைப் பிடித்து உலுக்கினேன். ஸ்விட்ச் கம்பெனியில் இல்லை, சப் ஸ்டேஷனில் இருக்கிறது, பஸ் பிடித்துப் போனால் அரை மணியாகும் என்றான். போன் செய்யலாமே என்றால், கம்பெனி போன் நாலு நாளாக டெட். இருந்தாலும் அவன் நல்லவன், சைக்கிளை எடுத்துக்கொண்டு சப் ஸ்டேஷன் பக்கம் பறந்தான். நான் முள்காட்டுக்குள் ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். கிணற்றிலிருந்து மேடு வரைக்கும் பெண்கள் வரிசை. தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட, இடுப்பில் குடமும் கையில் வேப்பிலையுமாக. அந்த அம்மாள் உருகிய மண்ணின் ஓரத்திலேயே நின்று குடம் குடமாக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். மேடு முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் முப்பது பேராவது நின்றார்கள்.

“வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! அது எரிமலை இல்ல, கரண்டு! ஷாக் அடிச்சுச் செத்துப்போவீங்க!”

அம்மாள் திரும்பிப் பார்த்தாள். “கரண்டா?” அவள் முகத்தில் நிஜமான ஆச்சரியம். “எங்க ஊட்டாண்ட ஒரு லைட்டு கூட கெடையாது. எங்கேந்து சார் கரண்டு வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மேலே கையைக் காட்டினேன். கம்பி தலைக்கு மேல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாமல். கம்பத்திலிருந்து இறங்குகிற கம்பியைக் காட்டினேன். மாடு கட்டுகிற கம்பி அது, பிள்ளைகள் பிடித்துத் தொங்குகிற கம்பி அது, இத்தனை நாள் இல்லாத ஷாக்கா இன்றைக்கு வரப்போகிறது என்றாள் ஒருத்தி.

“இப்ப கரண்டு இல்லம்மா, நாலு மணிக்கு வரும்!”

“நீதானே எரிமல நாலு மணிக்கு வரும்னே? இப்போ கரண்டு வரும்ன்ற. எத்தினி தான் வரும்?” என்றாள் அம்மாள். “பத்து நிமிசம் கம்முனு இரு சார். இன்னும் இருவது கொடம்தான்.”

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி ஆக இன்னும் ஒன்பது நிமிஷம். சேற்றுக்குள் இறங்கி அவள் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கப் போனேன். வேடிக்கை பார்த்து நின்ற ஆண்கள் இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். பொம்பளை மேல் கை வைக்கிறாயா என்று ஒருவன் ஓங்கினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கெஞ்சினேன், கையெடுத்துக் கும்பிட்டேன், கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. என் வாயிலிருந்து உண்மை வந்துகொண்டிருந்தது, அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

மேட்டின் அடியில் நான் காலையில் வைத்த ஈயத்தட்டு அப்படியே இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

“ஐயோ, பாருங்க!” என்று அலறினேன். “தண்ணி நடுங்குது பாருங்க! அது முழிச்சுக்கிச்சு! மலை வெடிக்கப் போகுது! ஓடுங்க! புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க!”

தண்ணீர் நடுங்கத்தான் நடுங்கியது. தட்டைப் பிடித்திருந்த கை அப்படி ஆட்டியது. பாதி நான் ஆட்டினேன், பாதி பயம் ஆட்டியது. காலை முழுக்க அந்தத் தட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தட்டில் தண்ணீர் நடுங்கினால் பூமி பொங்கும் என்று நானே அவர்களுக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன். அந்த அம்மாள் தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். குடத்தைக் கீழே போட்டாள்.

“ஏ, ஓடுங்கடி!”

மேடு காலியாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குடிசைகளுக்குள் புகுந்து கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். நானும் ஓடி, நூறு அடி தள்ளி நின்று திரும்பினேன். அவிழ்ந்து வந்த ஒரு வெள்ளாடு சேற்றில் கிடந்த வேப்பிலையை மேயப் போனது. ஹேய், ஹேய் என்று கத்தினேன். சைக்கிளில் போனவன் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. சரியாக நாலு மணிக்கு உறுமல் எழுந்தது. மேடு முழுக்க ஒரே சமயத்தில் நீராவி சீறியது, சேறு தெறித்தது, நீலமாக ஒரு வெளிச்சம் ஓடியது. ஆடு ஒரு சத்தமும் போடாமல் நாலு காலும் விறைத்துச் சாய்ந்தது. அந்த இடத்தில்தான் கொஞ்சம் முன்னால் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

தூரத்தில் ரோட்டிலிருந்து எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சார் சொன்னார், சொன்ன நேரத்துக்கு மலை வெடித்தது.

அன்றைக்கே லைனை நிறுத்தினார்கள், மறுநாள் கம்பத்தைச் சரிசெய்தார்கள். எரிமலை இல்லை, மின்கசிவு என்று இரண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்கள் தங்கியிருந்தார்கள். அங்கே போய், பயமில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றேன். உருகி இறுகிய மண்ணைக்கூடக் கையில் எடுத்துப் போயிருந்தேன். அம்மாள் அதைத் தொடவில்லை.

“நீ கரண்டுன்னு சொன்னப்போ ஒண்ணும் ஆவல சார். எரிமலன்னு சொன்னப்போதான் வெடிச்சுது. எங்க கண்ணால பாத்தோம்.”

“அது பொய்யும்மா. உங்களை ஓட வைக்கச் சொன்ன பொய்.”

“ஆபீசுல அப்டிச் சொல்லச் சொன்னாங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டாள். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. பாவம், இவனுக்கு என்ன நெருக்கடியோ என்கிற மாதிரி பார்த்தாள்.

அவர்களைக் குடிசைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி அதிகாரியிடம் போய் முட்டிக்கொண்டேன். “ஓடச் சொன்னது நீங்க சார். அவங்களே போகமாட்டேன்றாங்க. நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டா போக முடியும்?” என்றார். நாலு தடவை கடிதம் எழுதினேன். பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் அவர்கள் அங்கிருந்தும் எழுந்து, ரயில் பாதை ஓரத்துப் பள்ளத்தில் சாக்கைக் கட்டிக்கொண்டு குடியேறினார்கள். தீபாவளிக்குள் நாற்பது குடிசையும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. பொங்கலுக்கு அந்த இடத்தைச் சுற்றி மதில் எழும்பியது. அந்த லைன் எந்தத் தொழிற்சாலைக்குப் போனதோ, அதே தொழிற்சாலைதான்.

அடுத்த வருஷம் வேறு வேலையாகப் போய்விட்டுக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். “சார்!” என்று ஒரு குரல். அந்த அம்மாள்தான். இளைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டு, “தோ, இவருதான்டி. இவரு மட்டும் சொல்லலேன்னா அன்னிக்கே நாங்க சாம்பலு” என்று காட்டினாள். ஒருத்தி என்னைக் கும்பிட்டாள். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரயில் வருகிற சத்தம் கேட்டது. அம்மாள் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

“சார், எங்க எடத்துல இப்போ பெரிய கட்டடம் கட்டிக்கினு கீறாங்க. எரநூறு பேரு வேல செய்றாங்க, பொம்பளைங்களும் போறாங்க. அடியில இன்னா கீதுன்னு அவங்களுக்குத் தெரியாது. பாவம். நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க. நீ போய் ஒரு வார்த்த சொல்லு சார்.”

சொல்கிறேன் என்றேன்.